எஸ்சிசிஎம் டேட்டாபேஸுக்கு விண்டோஸ் அதெண்டிகேஷனா, மிக்ஸ்டு மோடா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரின் உபி பகுதியில் ஒரு தளவாட நிறுவனம், சுமார் 600 கணினிகள். அவற்றை நிர்வகிக்க மைக்ரோசாஃப்ட் கான்ஃபிகரேஷன் மேனேஜர், அதாவது நாம் இன்னும் எஸ்சிசிஎம் என்றே சொல்லும் மென்பொருள், புதிதாக நிறுவப் போகிறார்கள். அது தன் டேட்டாபேஸை வைக்கும் எஸ்கியூஎல் சர்வரிலேயே (மைக்ரோசாஃப்டின் டேட்டாபேஸ் மென்பொருள்) ஒரு நெட்வொர்க் கண்காணிப்பு மென்பொருளின் டேட்டாபேஸும் இருக்க வேண்டுமாம். கண்காணிப்பு மென்பொருள் விற்ற வெண்டர் “மிக்ஸ்டு மோட் போடுங்க, எஸ்ஏ பாஸ்வேர்டு குடுங்க” என்கிறார். மிக்ஸ்டு மோட் என்றால் விண்டோஸ் கணக்கோடு, எஸ்கியூஎல் சர்வரிலேயே உருவாக்கிய பெயரும் பாஸ்வேர்டும் கொண்டும் (எஸ்கியூஎல் லாகின்) நுழைய விடுவது; எஸ்ஏ என்பது அதில் எல்லா உரிமையும் உள்ள லாகின். ஆடிட்டர் “மிக்ஸ்டு மோட் கூடவே கூடாது” என்கிறார். நடுவில் மாட்டிக்கொண்ட தம்பி எது சரி என்று கேட்கிறார்.

எஸ்சிசிஎம் இருக்கும் எஸ்கியூஎல் இன்ஸ்டன்ஸுக்கு (தனியாக நிறுவி ஓடும் ஒரு எஸ்கியூஎல் சர்வர்) விண்டோஸ் அதெண்டிகேஷன் மட்டும். கண்காணிப்பு மென்பொருளுக்கு நிஜமாகவே எஸ்கியூஎல் லாகின் தேவை என்றால் அதற்குத் தனி இன்ஸ்டன்ஸ், முடிந்தால் தனி விஎம் (மெய்நிகர் கணினி), அங்கே மட்டும் மிக்ஸ்டு மோட். இரண்டையும் ஒரே இன்ஸ்டன்ஸில் போட்டு, வெண்டருக்காக மொத்தத்தையும் மிக்ஸ்டு ஆக்குவதுதான் செய்யக்கூடாத ஒன்று. ஏனென்றால் மோட் என்பது இன்ஸ்டன்ஸ் முழுவதற்குமான அமைப்பு, டேட்டாபேஸ் வாரியாக மாற்ற முடியாது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். எஸ்கியூஎல் சர்வரில் “எஸ்கியூஎல் அதெண்டிகேஷன் மட்டும்” என்று ஒரு மோட் கிடையாது. இருப்பது இரண்டுதான்: விண்டோஸ் மட்டும், அல்லது விண்டோஸும் எஸ்கியூஎல் லாகினும் சேர்ந்தது. விண்டோஸ் அதெண்டிகேஷனை நீங்கள் நினைத்தாலும் அணைக்க முடியாது. ஆகவே மிக்ஸ்டு மோட் போடுவதால் எஸ்சிசிஎம் நின்றுவிடாது, அது வழக்கம்போல விண்டோஸ் கணக்கில் உள்ளே போய்க்கொண்டுதான் இருக்கும். நீங்கள் கூடுதலாகத் திறந்து வைப்பது இன்னொரு வழியை. அந்த வழியால் யாருக்கு என்ன பயன் என்பதுதான் பார்க்க வேண்டிய விஷயம்.

எஸ்சிசிஎம் தன் டேட்டாபேஸுக்கு விண்டோஸ் அதெண்டிகேஷனைத்தான் கேட்கிறது, வேறு வழியே அதில் இல்லை. சைட் சர்வரின் (எஸ்சிசிஎம் ஓடும் முக்கிய சர்வர்) கம்ப்யூட்டர் அக்கவுண்ட், அதாவது நிறுவனத்தின் விண்டோஸ் கணக்குகளை வைத்திருக்கும் ஆக்டிவ் டைரக்டரியில் டாலர் குறியோடு முடியும் அந்தக் கணக்கு, எஸ்கியூஎல்லில் சிஸ்அட்மின் (முழு உரிமையுள்ள நிர்வாகி) ஆக இருக்க வேண்டும், எஸ்கியூஎல் தனி மெஷினில் இருந்தால் அங்கே லோக்கல் அட்மினாகவும் இருக்க வேண்டும். கிளையண்ட் கணினிகளோடு பேசும் மேனேஜ்மென்ட் பாயிண்ட், நம்பிக்கை உறவில்லாத வேறொரு ஃபாரஸ்டில் (தனி ஆக்டிவ் டைரக்டரி அமைப்பு) இருந்தால்கூட, அது டேட்டாபேஸைத் தொட நீங்கள் கொடுப்பது ஒரு விண்டோஸ் கணக்குதான். விண்டோஸ் பேட்ச்களை விநியோகிக்கும் டபிள்யூஎஸ்யூஎஸ்ஸும் அப்படியே: விண்டோஸ் அதெண்டிகேஷன் மட்டும், எஸ்கியூஎல் லாகின் செல்லாது. பேட்ச் போடுவதற்கு இது இல்லாமல் எஸ்சிசிஎம் ஓடாது என்பதால் உங்களுக்கும் இது பொருந்தும். ஆக, மைக்ரோசாஃப்ட் பக்கத்தில் மிக்ஸ்டு மோடைக் கேட்பவர் யாருமே இல்லை. கேட்பது அந்த மூன்றாம் நபர் மட்டும்தான்.

இதில் நான் ஏன் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன் என்றால், இது சாதாரண டேட்டாபேஸ் இல்லை. ஒரு ஸ்டாக் கணக்கு டேட்டாபேஸில் யாராவது சிஸ்அட்மின் ஆகிவிட்டால் ஸ்டாக் கணக்கு போகும், பெரிய நஷ்டம்தான், ஆனால் அதற்கு ஒரு எல்லை உண்டு. எஸ்சிசிஎம் டேட்டாபேஸில் ஒருவன் எழுதும் உரிமை பெற்றால், நிர்வாகிகளின் பட்டியலை வைத்திருக்கும் டேபிளில் தன் பெயரையும் ஒரு வரியாகச் சேர்த்து முழு நிர்வாகி ஆகிவிடலாம். அதற்கப்புறம் 600 கணினிகளிலும் சிஸ்டம் உரிமையோடு எந்த ஸ்கிரிப்டை வேண்டுமானாலும் ஓட விடலாம். அதுவும் உங்கள் சொந்த எஸ்சிசிஎம் ஏஜென்ட் வழியாகவே ஓடும், ஆன்டிவைரஸ் பெரும்பாலும் வாயைத் திறக்காது. இப்படிப்பட்ட இன்ஸ்டன்ஸில் எஸ்ஏ பாஸ்வேர்டை ஒரு வெண்டரின் மெயிலுக்கு அனுப்பி, அவர் அதை ஏதோ ஒரு கான்ஃபிக் ஃபைலில் எழுதி வைப்பது, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டு வாசல் ஷூ ரேக்கில் சாவியை ஒளித்து வைக்கிற மாதிரி. அந்தத் தளத்தில் நடந்து போகும் எல்லாருக்கும் எங்கே தேட வேண்டும் என்று தெரியும்.

நம் ஊரிலேயே நடந்ததை மறந்துவிடக் கூடாது. 2018இல் சிங்ஹெல்த் என்ற பொது மருத்துவமனைக் குழுமத்தில் நடந்த ஊடுருவலில் 1.5 மில்லியன் நோயாளிகளின் விவரம் போனது. 2019 ஜனவரியில் வந்த விசாரணைக் குழு அறிக்கையை ஐடியில் இருக்கிறவர்கள் ஒரு தடவையாவது படித்துவிடுங்கள். கவனிப்பாரற்றுக் கிடந்த லோக்கல் அட்மின் கணக்கு ஒன்று, அதற்குப் பாஸ்வேர்டு என்ற சொல்லையே இரண்டு எழுத்து மாற்றிப் போட்ட பாஸ்வேர்டு. பிறகு ஒரு சிட்ரிக்ஸ் (தொலைவிலிருந்து மென்பொருளைத் திறக்க உதவும்) சர்வரில், மென்பொருளின் கோடிங் குறைபாட்டின் வழியாக டேட்டாபேஸ் கணக்கின் விவரம் தாக்கியவர் கைக்குப் போயிருக்கலாம் என்று குழு சொல்கிறது. அப்புறம் அந்தக் கணக்கில் நுழைந்து டேட்டாபேஸ் கேள்விகளை (குவெரி) ஒன்றன்மேல் ஒன்றாக ஓட்டியிருக்கிறார்கள். தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையம் சிங்ஹெல்த்தின் ஐடியைக் கவனித்த ஐஎச்ஐஎஸ்ஸுக்கு 750,000 வெள்ளியும் சிங்ஹெல்த்துக்கு 250,000 வெள்ளியும் அபராதம் போட்டது. அப்ளிகேஷன் வைத்திருக்கும் டேட்டாபேஸ் பாஸ்வேர்டு என்பது திருட்டுக்கு எவ்வளவு வசதியான பொருள் என்பதற்கு வேறு உதாரணம் தேவையில்லை.

எஸ்ஏவின் பூர்வீகமும் கொஞ்சம் மோசம். எஸ்கியூஎல் சர்வர் 2000 காலத்தில் எஸ்ஏ பாஸ்வேர்டை வெறுமையாக விடலாம், பலர் விட்டார்கள், 2002 மே மாதம் ஸ்பைடா என்ற வோர்ம் எஸ்கியூஎல்லின் வழக்கமான 1433 போர்ட்டில் அப்படிப்பட்ட சர்வர்களாகத் தேடிப் பிடித்துப் பரவியது. அந்தக் காலத்தில் லாகின் பாஸ்வேர்டு நெட்வொர்க்கில் போனதும் மறைகுறியாக்கம் என்று சொல்லத் தகாத ஒரு எழுத்து மாற்றத்தில்தான், பாக்கெட்டைப் பிடித்தவன் ஒரு நிமிஷத்தில் படித்துவிடுவான். 2005 பதிப்பில் இரண்டும் மாறின: விண்டோஸின் பாஸ்வேர்டு விதிகளை எஸ்கியூஎல் லாகினுக்கும் போடலாம் என்று வந்தது, சான்றிதழ் இல்லாவிட்டாலும் சர்வர் தானே ஒன்றை உருவாக்கி லாகின் பாக்கெட்டை மறைத்தது. ஆனால் தானே கையெழுத்திட்ட சான்றிதழை நடுவில் நிற்பவன் மாற்றிக் கொடுத்தால் கிளையண்டுக்குத் தெரியாது. மென்பொருளை டேட்டாபேஸோடு இணைக்கும் ஓடிபிசி டிரைவர் 18 வந்ததும் “சான்றிதழை நம்பவில்லை” என்று பழைய கனெக்‌ஷன்கள் விழுந்ததே, பலர் உடனே “சர்வர் சான்றிதழை நம்பு” என்ற ஆப்ஷனைத் தட்டிவிட்டு நகர்ந்தார்களே, அந்த எச்சரிக்கை இதைப் பற்றியதுதான்.

சரி, வெண்டர்கள் ஏன் மிக்ஸ்டு மோட் கேட்கிறார்கள்? சிலருக்கு நிஜமான காரணம் உண்டு. அவர்களுடைய மென்பொருள் லினக்ஸ் அப்ளையன்ஸாக வருகிறது, நிறுவனத்தின் விண்டோஸ் டொமைனில் சேராது, கெர்பரோஸுக்கான (டொமைனின் டிக்கெட் முறை அடையாளச் சோதனை) கீடேப் என்ற சாவிக் கோப்பை வைத்து வேலை செய்யும் வழியை அவர்கள் எழுதவே இல்லை. அது நியாயம், சண்டை போட்டுப் பயனில்லை. ஆனால் நான் பார்த்த வரையில் பாதிக்கு மேல் வேறு கதை: எப்போதோ ஒரு வாடிக்கையாளரிடம் விண்டோஸ் அதெண்டிகேஷன் ஏதோ ஒரு எர்ரர் கொடுத்தது, யாரும் தோண்டிப் பார்க்கவில்லை, எஸ்ஏ போட்டதும் ஓடியது, அன்றிலிருந்து நிறுவல் கையேட்டில் “மிக்ஸ்டு மோட் அவசியம்” என்று ஒரு வரி ஏறிவிட்டது.

அந்த எர்ரர் பெரும்பாலும் எஸ்பிஎன் (ஆக்டிவ் டைரக்டரியில் பதிவாகும் சர்வீஸ் பெயர்) தகராறு. இதை நிதானமாகப் பார்ப்போம், ஏனென்றால் உங்களுக்கும் வரும். டொமைனில் ஒரு கிளையண்ட் எஸ்கியூஎல்லைத் தேடும்போது, “எம்எஸ்எஸ்கியூஎல்எஸ்விசி, சாய்கோடு, சர்வரின் முழுப் பெயர், 1433” என்ற சர்வீஸ் பெயர் எந்தக் கணக்கின் பேரில் பதிவாகியிருக்கிறது என்று ஆக்டிவ் டைரக்டரியைக் கேட்கும். லோக்கல் சிஸ்டமாகவோ, நிறுவும்போது தானாக வரும் விர்ச்சுவல் கணக்கிலோ எஸ்கியூஎல் ஓடினால் கம்ப்யூட்டர் அக்கவுண்ட் பேரில் பெயர் தானாகப் பதிவாகிவிடும். சர்வீஸை ஒரு டொமைன் கணக்குக்கு மாற்றினால் சாதாரணமாக அந்தக் கணக்குக்குத் தானே பதிவு செய்யும் உரிமை இருக்காது, நீங்கள்தான் செட்எஸ்பிஎன் கட்டளையால் பதிய வேண்டும். பதியவே இல்லை என்றால் சத்தமில்லாமல் என்டிஎல்எம் என்ற பழைய விண்டோஸ் அடையாளச் சோதனை முறைக்கு இறங்கிவிடும், வேலை ஓடும், யாருக்கும் தெரியாது. ஆனால் பழைய பதிவு கம்ப்யூட்டர் அக்கவுண்டிலேயே தங்கிவிட்டு, சர்வீஸ் மட்டும் புதிய கணக்கில் ஓடினால் அப்போதுதான் “எஸ்எஸ்பிஐ கான்டெக்ஸ்ட் உருவாக்க முடியவில்லை” என்று முகத்தில் அடிக்கும். கிளையண்ட் வாங்கி வரும் டிக்கெட் ஒரு கணக்குக்கானது, திறக்க வேண்டியவர் இன்னொரு கணக்கு. செட்எஸ்பிஎன்னில் எக்ஸ் ஸ்விட்ச் போட்டால் இரட்டைப் பதிவுகளைக் காட்டும், எஸ் ஸ்விட்சில் பதிந்தால் இரட்டிப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சேர்க்கும். இன்னும் பழைய ஏ ஸ்விட்சைப் பயன்படுத்தும் கையேடுகளை நம்பாதீர்கள்.

கெர்பரோஸில்தான் போகிறதா என்று பார்க்க ஒரு வியூ உண்டு, நடப்பில் இருக்கும் கனெக்‌ஷன்களைக் காட்டும் டிஎம் எக்ஸெக் கனெக்‌ஷன்ஸ். அதில் ஆத் ஸ்கீம் என்ற பத்தியில் கெர்பரோஸ், என்டிஎல்எம், எஸ்கியூஎல் என்று மூன்றில் ஒன்று இருக்கும். ஒரு எச்சரிக்கை: சர்வருக்குள்ளேயே ஆர்டிபியில் (ரிமோட் டெஸ்க்டாப்) உட்கார்ந்து, எஸ்கியூஎல்லை நிர்வகிக்கும் மேனேஜ்மென்ட் ஸ்டூடியோவைத் திறந்து பார்த்தால் எஸ்பிஎன் சரியாக இருந்தாலும் என்டிஎல்எம் என்றே காட்டும், லோக்கல் கனெக்‌ஷன் அப்படித்தான். வேறு மெஷினிலிருந்து பாருங்கள். இதைத் தெரியாமல் மணிக்கணக்கில் எஸ்பிஎன்னை அழித்து அழித்துப் பதிந்துகொண்டிருப்பவர்கள் உண்டு. கடிகாரம் ஐந்து நிமிடத்துக்கு மேல் தள்ளிப் போயிருந்தாலும் கெர்பரோஸ் ஒத்துழைக்காது, விஎம்மை ஸ்னாப்ஷாட்டிலிருந்து மீட்டவர்கள் முதலில் நேரத்தைப் பாருங்கள்.

இன்னொன்று 18456. லாகின் தோல்வி என்றால் பெரும்பாலும் இந்த எண்தான், கிளையண்ட் திரையில் ஸ்டேட் 1 என்று மட்டும் வரும், வேண்டுமென்றே மறைக்கிறார்கள். உண்மை சர்வரின் எர்ரர் லாகில் இருக்கும். அங்கே ஸ்டேட் 8 என்றால் பாஸ்வேர்டு தப்பு, 5 என்றால் அப்படி ஒரு லாகினே இல்லை, 58 என்றால் விண்டோஸ் மட்டும் மோடில் இருக்கும் சர்வரில் யாரோ எஸ்கியூஎல் லாகினில் நுழையப் பார்த்திருக்கிறார்கள். வெண்டரின் ஆள் “உங்க சர்வர்ல ஏதோ பிரச்சினை” என்று ஸ்கிரீன்ஷாட் அனுப்பினால், திரையை விட்டுவிட்டு லாகைத் திறங்கள். அந்த வரியின் கடைசியில் கிளையண்டின் ஐபி முகவரியும் இருக்கும், யார் தட்டுகிறார்கள் என்று அதிலேயே தெரிந்துவிடும்.

“டொமைன் விழுந்தால் என்ன செய்வது, எஸ்ஏ இருந்தால் உள்ளே போகலாமே” என்று ஒரு வாதம் வரும். டொமைன் விழுந்தால் எஸ்சிசிஎம்மே ஓடாது, அது வேறு. உள்ளே போவதற்கு, அந்த சர்வரிலேயே ஒரு லோக்கல் விண்டோஸ் கணக்கை உருவாக்கி அதை சிஸ்அட்மின் ஆக்கி, பாஸ்வேர்டை உறையில் போட்டுப் பூட்டி வையுங்கள், டொமைன் இல்லாமலும் அது வேலை செய்யும். எல்லாம் தொலைந்தாலும், எஸ்கியூஎல்லை எம் ஸ்விட்சோடு சிங்கிள் யூசர் மோடில் தொடங்கினால் அந்த மெஷினின் லோக்கல் அட்மின் சிஸ்அட்மினாக நுழையலாம். 2008 பதிப்பிலிருந்து லோக்கல் அட்மின் குழு தானாக சிஸ்அட்மின் ஆவதில்லை என்பதால்தான் இந்த வழி முக்கியம். அதே காரணத்துக்காக நிறுவும்போது “தற்போதைய பயனரைச் சேர்” என்ற பட்டனை மட்டும் அழுத்திவிட்டுப் போகாதீர்கள். ஒரு ஆக்டிவ் டைரக்டரி குழுவைச் சேருங்கள். வேலையை விட்டுப் போகிறவர் சர்வரையும் கூட்டிக்கொண்டு போய்விடக் கூடாது பாருங்கள்.

ஆடிட்டர் சொல்வதையும் முழுதாக ஏற்க வேண்டாம். விண்டோஸ் அதெண்டிகேஷன் போட்டாச்சு, இனிப் பயமில்லை என்று எழுதிக் கொடுப்பவர்களுக்கு என்டிஎல்எம் ரிலே பற்றித் தெரிந்திருக்காது. சைட் சர்வரின் கம்ப்யூட்டர் அக்கவுண்ட் சிஸ்அட்மின் என்று மேலே சொன்னேன் அல்லவா, எஸ்கியூஎல் தனி மெஷினில் இருந்தால், நெட்வொர்க்குக்குள் இருக்கும் ஒருவன் அந்த சைட் சர்வரைத் தன் மெஷினோடு பேச வைத்து, அது தரும் என்டிஎல்எம் உரையாடலை அப்படியே எஸ்கியூஎல்லுக்குத் திருப்பிவிட்டு உள்ளே போக முடியும். பாஸ்வேர்டே தேவையில்லை. இதற்கு மருந்து எக்ஸ்டெண்டட் ப்ரொடெக்‌ஷன்: எஸ்கியூஎல் சர்வர் கான்ஃபிகரேஷன் மேனேஜரில் ப்ரோட்டோகால்களின் பண்புகளுக்குள் இருக்கிறது, நல்ல சான்றிதழோடு ஃபோர்ஸ் என்க்ரிப்ஷனும் போட்டு, முதலில் சோதனைச் சூழலில் பார்த்துவிட்டு “கட்டாயம்” என்று வையுங்கள். 1433 போர்ட்டை சைட் சர்வருக்கும் தேவையான சில மெஷின்களுக்கும் மட்டும் திறந்து வைப்பதும் பாதி வேலையை முடித்துவிடும். என்டிஎல்எம்மையே மைக்ரோசாஃப்ட் 2024இல் கைவிடப்படும் பட்டியலில் சேர்த்துவிட்டது என்பதும் நினைவிருக்கட்டும், எஸ்பிஎன்னை இன்று சரிசெய்வது அதற்கும் உதவும்.

உங்கள் வாடிக்கையாளர்களில் வங்கி இருப்பதால்தான் ஆடிட்டர் இவ்வளவு குதிக்கிறார் என்று நினைக்கிறேன். சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் இணைய சுகாதார அறிவிக்கை 2020 ஆகஸ்ட் 6 முதல் நிதி நிறுவனங்களைக் கட்டுப்படுத்துகிறது, அவர்கள் தங்களுக்குச் சேவை செய்பவர்களிடமும் அதே கேள்விகளைக் கேட்பார்கள். எந்த மோட் போட வேண்டும் என்று அதில் எங்கும் இல்லை. டேட்டாபேஸ் உட்பட எல்லா இடத்திலும் நிர்வாகக் கணக்குகளை அனுமதியில்லாத பயன்பாட்டிலிருந்து காக்க வேண்டும், முக்கிய அமைப்புகளின் நிர்வாகக் கணக்குகளுக்குப் பல்காரணி அடையாளச் சோதனை வேண்டும் என்று இருக்கிறது. எஸ்கியூஎல் லாகினுக்கு இரண்டாவது காரணி என்று ஒன்று கிடையாது, பெயரும் பாஸ்வேர்டும் சரியாக இருந்தால் உள்ளே விட்டுவிடும். விண்டோஸ் வழியில் ஜம்ப் ஹோஸ்டில் (சர்வர்களுக்குப் போகும் இடைவழிக் கணினி) நுழையும்போதே அதைக் கேட்டுவிடலாம். ஆடிட்டருக்கு இந்த ஒரு வரி போதும்.

இனி அந்தத் தனி இன்ஸ்டன்ஸ். மிக்ஸ்டு மோட் போட்டே ஆக வேண்டும் என்றானால் எஸ்ஏவை யாருக்கும் கொடுக்காதீர்கள், பெயரை மாற்றி டிஸேபிள் செய்துவிடுங்கள். எஸ்ஏ பேரில் இருக்கும் எஸ்கியூஎல் ஏஜென்ட் ஜாப்கள் (நேரம் குறித்து ஓடும் வேலைகள்) அது டிஸேபிள் ஆனாலும் ஓடும். வெண்டருக்கு ஒரு தனி லாகின், அவருடைய டேட்டாபேஸில் மட்டும் உரிமையாளர் பங்கு, நிறுவும் நேரத்தில் புது டேட்டாபேஸ் உருவாக்கும் உரிமை தேவைப்பட்டால் கொடுத்துவிட்டு முடிந்ததும் பறித்துவிடுங்கள். பாஸ்வேர்டு கொள்கை ஆன், ஆனால் காலாவதி மட்டும் ஆஃப். காலாவதியை விட்டுவைத்தால் என்றோ ஒரு ஞாயிறு இரவு மூன்று மணிக்கு கண்காணிப்பு மென்பொருளே கண்ணை மூடிவிடும், அதைக் கண்காணித்துச் சொல்ல இன்னொன்று இருக்காது. அதற்குப் பதில் நீங்களே ஒரு அட்டவணை போட்டு மாற்றுங்கள். கொள்கை ஆன் என்றால் பூட்டிக்கொள்ளும் வசதியும் சேர்ந்தே வரும், யாராவது தப்பான பாஸ்வேர்டை அடித்துக்கொண்டே இருந்தால் நல்ல லாகினும் பூட்டிக்கொள்ளும், ஆகவே ஃபயர்வாலில் அந்த அப்ளையன்ஸின் ஐபியை மட்டும் விடுங்கள்.

ஏற்கெனவே மிக்ஸ்டு மோடில் ஓடிக்கொண்டிருக்கும் சர்வரை விண்டோஸுக்குத் திருப்புவதானால், அவசரப்படாமல் முதலில் வெற்றிகரமான லாகின்களையும் பதிவு செய்யும்படி ஆடிட்டை மாற்றிவிட்டு ஒரு முழு மாதம் விடுங்கள். மாதக் கடைசி ரிப்போர்ட், யாரோ என்றோ எழுதிய எக்ஸெல் மேக்ரோ, லிங்க்டு சர்வர் எல்லாம் அப்போதுதான் தலைகாட்டும். மைக்ரோசாஃப்ட் மாதாந்திர பேட்ச் வெளியிடும் நாளும் அந்த மாதத்துக்குள் வந்துவிட வேண்டும், நமக்கு அது புதன் அதிகாலை ஒன்று அல்லது இரண்டு மணி. மோட் மாற்றம் எஸ்கியூஎல் சர்வீஸை மறுபடி தொடங்கினால்தான் நடைமுறைக்கு வரும், மேனேஜ்மென்ட் ஸ்டூடியோவில் டிக் போட்டுவிட்டு “மாறவில்லையே” என்று உட்கார்ந்திருக்க வேண்டாம். எஸ்சிசிஎம் இருக்கும் இடத்தில் முதலில் எஸ்சிசிஎம்மின் முக்கிய சர்வீஸான எஸ்எம்எஸ் எக்ஸிக்யூட்டிவை நிறுத்துங்கள், பிறகு எஸ்கியூஎல்லை மறுதொடக்கம் செய்யுங்கள், டேட்டாபேஸ் ஆன்லைன் வந்ததைப் பார்த்த பிறகு எக்ஸிக்யூட்டிவை எழுப்புங்கள். பேட்ச் வந்து சிங்க் ஓடும் அந்தப் புதன்கிழமையில் மட்டும் இதைச் செய்யாதீர்கள்.